மரியாளுக்குப் பிரசவ மருந்து

போன மாதம் சென்னையில் பேத்திக்குப் பிரசவம். ஆஸ்பத்திரி வாசலில் காவலாள் என் தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்து, “வெளிச் சாப்பாடு கூடாது பாட்டி” என்றான். சாப்பாடு இல்லை, பிரசவ மருந்து என்றேன். கேட்டானா? மருந்தை மடியில் கட்டிக்கொண்டு வேறு வாசலாய் உள்ளே போனேன். எங்கள் அம்மா மேடை ஏறிக் கொடுத்த மருந்து, ஒரு வாசலில் நின்றுவிடுமா?

அப்போது நான் அஞ்சாவது. வடமாலபேட்டையைத் தாண்டி எங்கள் ஊர். எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போன பெண் நான் ஒருத்திதான். புத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் டீச்சரம்மா கிறிஸ்துமஸுக்கு நாடகம் போட்டார். நிலபுலன் உள்ள வீட்டுப் பையன்கள் மூவருக்கு ராஜா வேஷம், ஜிகினா கிரீடம். எனக்கு ஆடு மேய்க்கிற வேஷம், தலையில் கம்பளி. ஆடு மேய்க்கத்தான் வீடு இருக்கிறதே, அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று அழுதேன்.

“இந்தா பொண்ணே, பொறந்த கதைய ரெண்டு பேரு எழுதினாங்க” என்றார் டீச்சரம்மா. “ஒருத்தரு, நட்சத்திரம் பாத்துக்கினு தூரதேசத்துப் பெரியவங்க வந்தாங்கன்னாரு. இன்னொருத்தரு, சேதி மொதல்ல ஆடு மேய்க்கிறவங்களுக்குத்தான் வந்துச்சின்னாரு.”

“ஏன் டீச்சர் வேற வேற சொல்றாங்க?”

“இது நமக்கில்லன்னு ஒருத்தரும் வெளியில நின்னுடக் கூடாது இல்ல, அதுக்குத்தான்.”

எனக்கு ஒரே ஒரு வசனம் கிடைத்தது. அதை வீட்டில் நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தேன். சாமி கும்பிட எங்களுக்கு வேறு கோயில். ஆனாலும் அம்மா கதை கேட்டாள்.

“எங்க பெத்தா அந்தப் பொண்ணு?”

“மாட்டுக் கொட்டாயில.”

முறத்தைக் கீழே வைத்தாள். “கூட யாரு இருந்தாங்க?”

“வீட்டுக்காரரு. அப்புறம் ராஜாங்க வந்தாங்க. பொன்னு, சாம்பிராணி, வாசனைத் தைலம் குடுத்தாங்க.”

“சாம்பிராணி கொண்டாந்தவன்தான் வெவரம் தெரிஞ்சவன், கொழந்தைக்குப் பொகை போடலாம். பச்ச ஒடம்புக்காரிக்கு துன்ன என்னா குடுத்தாங்க? நீங்க என்னா எடுத்துக்கினு போறீங்க?”

“ஒண்ணும் இல்ல.”

“பெத்தவளப் பாக்க வெறுங்கையோட போறதா? அப்படின்னா நீ போவவே வாணாம்.”

அழுது புரண்டேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் சமாதானம் பேசினார். அம்மா மறுபடி முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள்.

நாடகத்தன்று நைனா என்னைக் கூட்டிப் போய்விட்டார். ராஜாக்கள் வந்து வணங்கி நின்றார்கள். அடுத்தது நான். கம்பளியோடு வாயைத் திறக்கிறேன், ஜனத்தின் நடுவிலிருந்து அம்மா எழுந்து விடுவிடுவென்று மேடை ஏறினாள். கையில் தூக்கு. மரியாள் வேஷக்காரப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, சுக்கும் மிளகும் திப்பிலியும் வெல்லத்தில் கிளறிய மருந்தை உருண்டையாக உருட்டி அவள் வாயில் வைத்தாள்.

“முழுங்கு கண்ணு. காரமா இருந்தாலும் முழுங்கு.”

மரியாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெல்ல வாசனை பிடித்து யோசேப்பும் கையை நீட்டினான்.

“நீயாடா பெத்தே? தள்ளு அப்பால!”

பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு ராஜாவுக்குக் கிரீடம் கழன்று உருண்டது. நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். வேஷம் போச்சு என்று நினைத்தேன். அவரோ முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே, “உன் வசனத்தச் சொல்லு” என்று கை காட்டினார்.

“சேதி மொதல்ல எங்களுக்குத்தான் வந்துச்சி!” என்று கத்தினேன்.

“ஆமா” என்றாள் அம்மா, மேடையில் இருந்தபடியே. அப்போது எழுந்த கைதட்டல் எனக்குத்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

என் தலைப்பிரசவத்தில் அம்மா எனக்கு அதே உருண்டையை ஊட்டியபோதுதான் நைனா சொன்னார்: நான் பிறந்தது, அம்மா வேர்க்கடலை பிடுங்கப் போன இடத்தில், யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டாயில். கொட்டும் மழை. வெளியூர் போயிருந்த நைனா வந்து சேரும்வரை அவளுக்கு ஒரு வாய் கொடுக்க ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மேடையில் அம்மா ஊட்டியது மரியாளுக்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.