டெஸ் வீட்டு மணி

ஆதர்ட்டன் மேட்டில் ஐவி இருந்த பக்கத்து ஆறு பால்பண்ணைகளுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் கம்பிதான். ஒரு வீட்டுக்கு அழைப்பு வந்தால் ஆறு வீட்டிலும் மணி அடிக்கும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்றால் அது டெஸ் வீட்டுக்கு. அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது அசிங்கம் என்று எல்லாரும் சொல்வார்கள், எல்லாரும் கேட்பார்கள். ஒட்டுக்கேட்கிற காது கூடக்கூடப் பேசுகிறவர் குரல் தேய்ந்துபோகும். "அடுப்புல கேக்கு கருகுது, போய்ப் பாருங்கம்மா" என்று யாராவது அதட்டினால், கிளிக், கிளிக் என்று ஒவ்வொருவராகப் போனை வைத்துவிடுவார்கள்.

ஐவி மட்டும் வைக்க மாட்டாள்.

அவள் புருஷன் ஆர்ச்சி சண்டைக்கு நியூகினி போயிருந்தான். பட்டாளத்துக்குப் பால் வேண்டுமே, அதனால் ஓடைக்கு அந்தப் பக்கத்து டெஸ்ஸை ஊரிலேயே விட்டுவைத்தார்கள். மாடு கறந்து கொடுக்க வந்தவன், மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, அந்த இரண்டு வருஷமும் ஐவி பூரித்துப்போய்த்தான் இருந்தாள். சண்டை முடிந்து ஆர்ச்சி மலேரியாக் காய்ச்சலோடு எலும்பும் தோலுமாய் வந்து இறங்கினான். மறுவாரமே டெஸ், "போதும் ஐவி. அவன் மூஞ்சியப் பாக்க முடியல" என்றான். வருஷம் திரும்புவதற்குள் கெய்ர்ன்ஸிலிருந்து நோலாவைக் கட்டிக்கொண்டு வந்தான்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். அந்தக் கம்பியில் எந்த மணி அடித்தாலும் ஐவி ஓடுவாள். மூச்சுச் சத்தம் கேட்காமலிருக்க வாயில் துண்டை அழுத்திக்கொள்வாள். நோலா கடைக்காரரிடம் மாவுக்குச் சொல்வதையும், டெஸ் வெளியிலிருந்து கூப்பிட்டு அவளைக் "கண்ணு" என்பதையும் கேட்டு வயிறெரிவாள். வெட்கங்கெட்ட மனசு, அடுத்த மணிக்கும் ஓடும்.

"மாட்டை விட அந்தப் போனைத்தான் நீ ஜாஸ்தி பிடிச்சுக்கிட்டு நிக்கற" என்று ஆர்ச்சி சிரிப்பான். ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை, பாவம்.

அந்த ஊரில் மாசிதான் மழைக்காலம். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடும் மணி அடித்தது. ஐவி எடுத்தாள். டெஸ்தான்.

"மேவிஸ், டாக்டரை அனுப்பு. நோலா வழுக்கி விழுந்துட்டா. ரத்தம் நிக்கல."

நோலாவுக்கு அது ஏழாம் மாதம்.

"என்னப்பா, ஒண்ணும் கேக்கலியே" என்றாள் எக்ஸ்சேஞ்சில் இருந்த மேவிஸ். "லைன்ல இருக்கறவங்க எல்லாம் வைங்க."

கிளிக், கிளிக் என்று வைத்தார்கள். ஐவியும் வைத்திருக்க வேண்டும். இல்லை, "நான் ஓடிப்போய் ஆர்ச்சியை அனுப்பறேன்" என்றாவது வாயைத் திறந்திருக்க வேண்டும்.

"இன்னும் யாரோ இருக்காங்க" என்றாள் மேவிஸ்.

"ஐவி" என்றான் டெஸ். "நீதானே. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், வச்சிடு."

ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் பேர் அவன் வாயில் வந்ததில்லை. இன்னொரு தடவை சொல்வானா என்று அவள் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். சொன்னான். "ஐவி, ஐவி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மழையில் நனைந்த கம்பியில் அவள் ஒருத்தி காதே போதும், அந்தக் குரல் மேவிஸுக்கு எட்டவேயில்லை. அதன்பிறகு போனைத் தொங்கவிட்டுவிட்டு, நோலாவை லாரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு தானே கிளம்பினான். ஓடை ரோட்டின்மேல் ஏறியிருந்தது. சுற்றுவழியில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிட்டது. நோலா பிழைத்துக்கொண்டாள்; பிள்ளை பிழைக்கவில்லை.

நோலா வீடு திரும்பியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் பலகாரத்தோடு பார்க்கப் போனார்கள். போகாவிட்டால் பேச்சாகிவிடும் என்று ஐவியும் போனாள். நோலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அன்னிக்கு லைன்ல ஒருத்தி வைக்கவே இல்லியாமே, மேவிஸ் சொன்னா. யாருன்னு தெரிஞ்சா போதும்க்கா. அவ மூஞ்சிய ஒரு தடவை பாக்கணும்."

கதவோரம் நின்ற டெஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"யாரும் இல்ல நோலா. மழைல கம்பி நனைஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

தன் மானத்துக்காகச் சொன்னானோ, ஆர்ச்சிக்காகவோ. ஐவியின் மனசு அதையெல்லாம் எண்ணவில்லை. எனக்காகப் பொய் சொன்னான், பெண்டாட்டியிடமே பொய் சொன்னான் என்று குதித்தது. பிள்ளை செத்த வீட்டில், சாகக் காரணமானவள், நோலாவின் கை தன் கையில் இருக்கும்போதே உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகு ஐவி ரொம்ப வருஷம் இருந்தாள். ஆர்ச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று பல தடவை அவன் எதிரே போய் உட்கார்ந்திருக்கிறாள். டெஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிடலாம். போனை வைக்காததைக்கூட அழுதுகொண்டே சொல்லிவிடலாம். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.