பலகையில் ஈரக் குளம்படிகள்

கிரெசென்சியோவைப் பேசவைப்பதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடும். ரொட்டியை நீட்டினால் வாங்கிக்கொள்வான். உப்பு போதுமா என்றால் தலையை ஆட்டுவான். "வாய்ல என்னய்யா, கொழுக்கட்டையா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கனடாவில் பிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சாலை போட்ட முகாமில் நாற்பது பேருக்கு ரொட்டி சுட்டவள் நான். என் ரொட்டியைக் குறை சொல்லாத ஒரே ஆள் அவன்தான், அதனால் எனக்கு அவனைப் பிடிக்கும்.

மெக்சிகோவில் சொனோராவில் பிறந்தவன். ஆற்றுக்கு மேலே தங்கம் கிடைக்கிறதென்று ஊரே மண்வெட்டியோடு ஓடியபோது, இவனும் தம்பி நிக்கானோரும் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். சுரங்கத்துக்காரர்கள் தின்ற மாவும் மொச்சையும் இவர்கள் கழுதைகளின் முதுகில் போனவை. முன்னால் கழுத்தில் மணியோடு ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை நடக்கும். மணிச்சத்தம் எங்கே போகிறதோ அங்கே கழுதைகள் போகும். சாட்டையே தேவையில்லை.

ஆயிரத்தெண்ணூற்று அறுபத்தொன்றாம் ஆண்டு வசந்தத்தில் மணிச்சத்தம் ஆற்றுக்குள் போனது. செங்குத்துப் பாறையில் இரண்டடி அகலப் பாதை, கண்ணை மறைக்கும் மூடுபனி. பனி விலகட்டும் என்றான் நிக்கானோர். ஒரு கால் நொண்டி அவனுக்கு. "பயந்தாங்கொள்ளி, குதிரையப் புடிச்சுக்கிட்டு முன்னால நடடா" என்றான் அண்ணன். குதிரை சறுக்கியது, தம்பியையும் இழுத்துக்கொண்டு. மணி கீழே போகப்போக ஐந்து கழுதைகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், விளிம்புக்கு வெளியே அடியெடுத்து வைத்தன. ஆறாவதன் கழுத்தைக் கட்டிப்பிடித்து நிறுத்தினான் இவன்.

ஆற்றில் தண்ணீர் இறங்கியபோது கழுத்து மணியோடு குதிரை கிடைத்தது. தம்பி கிடைக்கவில்லை. செத்த குதிரையின் மணியை அன்றே வேறொரு குதிரைக்குக் கட்டிவிட வேண்டும் என்பது கழுதைக்காரர்கள் வழக்கம். இவன் மணிக்குள் கம்பளித் துணியை அடைத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். கழுதைகளை விற்றுவிட்டு, அதே பாறையில் வெடிமருந்துக்குத் துளைபோடும் வேலைக்குச் சேர்ந்தான்.

மறு வருடம் அந்தப் பாறையைச் சுற்றி மரங்களை அடுக்கி, மேலே பலகை பாவத் தொடங்கினோம். மூன்றாம் நாள் காலை, புதுப் பலகைகளில் ஈரக் குளம்படிகள். முகாமில் அப்போது எருதுகள்தான் இருந்தன, கழுதை ஒன்றுகூட இல்லை. தடங்கள் பலகை முடியும் இடம்வரை வந்து, அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றிருந்தன. மறுநாள் இருபதடி பலகை கூடியது, தடமும் இருபதடி கூடியது. பக்கத்தில் ஒரு மனிதனின் பூட்ஸ் தடம், ஒரு காலை இழுத்து இழுத்து.

ஆட்கள் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்தான் மேஸ்திரி டன்பார். "ஆத்துத் தண்ணி தெறிச்சிருக்கும்."

"முந்நூறு அடி மேலயா? லாடம் கட்டிக்கிட்டா தெறிக்கும்?" என்றேன். 

கடைசிப் பலகையை அறைந்து, சாலை அந்தப்பக்கப் புல்வெளியோடு சேர்ந்தது. மறுநாள் காலையும் தடங்கள் கடைசிப் பலகையோடு நின்றன. புல்லில் ஒன்றுகூட இல்லை. கிரெசென்சியோ அங்கே மண்டியிட்டு ஈரத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"மணி இல்லாம அதுங்க எப்படிம்மா போகும்? நான்தான் மணி வாய அடைச்சு வச்சேன். ஒன்றரை வருஷமா காத்துக்கிட்டு நிக்குதுங்க."

அன்று நடுப்பகலிலேயே மூடுபனி இறங்கியது. கிரெசென்சியோ கம்பளியைப் பிடுங்கிவிட்டு மணியைத் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டான். "மணி கட்டினது திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா கழுதைங்க கலைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் பலகை தொடங்கும் முனைக்குப் போனான். நான் புல்வெளி ஓரத்தில் நின்றேன். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய்.

மணி வந்தது. பின்னால் பலகைகள் கிறீச்சிட்டன. அவன் என்னைத் தாண்டிப் போனான். அவனுக்குப் பின்னால் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. ஆனால் புல் மடங்கியது, ஐந்து முறை. நனைந்த சேணக் கம்பளி நாற்றம் என் மூக்கில் ஏறியது.

இழுத்து வந்த காலடிச் சத்தம் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. எனக்கு ஏனோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மணி கழுதைக்குத்தான்யா! மனுசன வாயத் தொறந்து கூப்புடு!"

 கிரெசென்சியோ திரும்பினான்.

"நிக்கானோர்... பயந்தாங்கொள்ளி நான்தான்டா. முன்னால போகப் பயந்துக்கிட்டுதான் உன்ன அனுப்பினேன். வாடா, ராசா. வந்துடு."

நெடுநேரம் ஆறு மட்டும் இரைந்தது. அப்புறம் ஒரு அடி. ஒரு இழுப்பு. இன்னொரு அடி. என் முழங்கையைக் குளிர் உரசிப் போனது. நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் பலகைகள் காய்ந்து கிடந்தன. ஐந்து கழுதைகளின் தடம் புல்வெளியைத் தாண்டிச் சுரங்கத்துப் பக்கம் போயிருந்தது. நொண்டிக்காலின் தடம் கிரெசென்சியோவின் கூடாரத்துக்குள் போயிருந்தது. வெளியே வந்த தடம் இல்லை. உள்ளே அவன் பேசிக்கொண்டே இருந்தான், நடுநடுவே பதிலுக்காக நிறுத்தி நிறுத்தி.

சாலையில் வண்டிகள் ஓடத் தொடங்கியதும் அவன் அங்கேயே சுங்கச்சாவடிக் காவலுக்கு அமர்ந்தான். சாகும்வரை இருபது வருடம் நான்தான் அவனுக்கு ரொட்டி சுட்டேன். இரண்டு தட்டில்தான் வைப்பேன். இரண்டும் காலியாகத்தான் திரும்பி வரும்.