எல்லாரும் ஏறுகிற கார்

ஒரு காரில் எத்தனை பேர் ஏற வேண்டும்? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

நான் ஆசைப்பட்டது சின்னக் கார். நாலு பக்கமும் கண்ணாடி போட்டு மூடியது. என் மகளுக்கு இரண்டு வயது, மூச்சிழுப்பு உண்டு. உதடு நீலம் பாய்ந்தால் யோசித்துக்கொண்டு நிற்காமல் உடனே நாகர்கோவிலுக்குத் தூக்கி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வீட்டில் கார் பேச்சு எழுந்ததே அதனால்தான்.

"சின்ன காருல நான் எங்க இருக்க, மக்கா? ஒனக்க மடியிலயா?" என்றார் அத்தை, என் மாமியார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

வக்கீலான என் கணவர் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய பழைய காரை வாங்கி வந்தார். மேலே துணிக்கூரை, பக்கமெல்லாம் திறப்பு. ஏழு பேர் உட்காரலாம். எங்கள் வீட்டு வழக்கப்படி, பன்னிரண்டு.

போன வாரம் அத்தை, நாத்தனார், உறவுக்காரர்கள் என்று ஒரு கூட்டம் அதில் வட்டக்கோட்டைக்குக் கடல் பார்க்கப் போயிருந்தது. கணவர் கோர்ட்டில். மத்தியானம் குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது... பக்கத்து வீட்டு வில்வண்டியைப் பூட்டச் சொல்லி நாகர்கோவிலுக்குப் புறப்பட்டேன்.

பாதி வழியில், கால்வாய்க் கரைச் சாலையில், எதிரே ஹாரன் சத்தம். எங்கள் கார்! குழந்தையைப் பார்த்ததும் அத்தனை பேரும் குதித்து இறங்கினார்கள். ஆனால், கார் நின்றதோ எங்கள் ஊரைப் பார்த்து. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் வயல். அவ்வளவு நீளமான வண்டி எப்படித் திரும்பும்? டிரைவர் முன்னே போனார், பின்னே வந்தார். கடைசியில் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது.

"ஓய், திருப்பினது போரும்! மாட்டுக்கு வழி விடும்!" என்று கத்தினார் எங்கள் வண்டிக்காரர்.

அத்தை உட்பட எல்லாருமாகக் காரைத் தள்ளி ஓரங்கட்டினார்கள் — மாட்டு வண்டி போவதற்காக.

ஊசி போட்ட பிறகுதான் குழந்தைக்கு மூச்சு சீராயிற்று. "கார்தான் இருக்கிறதே, ஏனம்மா இவ்வளவு நேரம்?" என்றார் டாக்டர்.

"நாங்க எல்லாரும் எறங்கித் தந்தோம்லா, மைனி?" என்று கண்கலங்கினாள் நாத்தனார். உண்மைதான். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அதனால் கோபப்படவும் வழியில்லை.

சின்னக் காராக இருந்தால் அங்கேயே திரும்பியிருக்குமோ? இல்லை, அதுவும் வட்டக்கோட்டைக்குத்தான் போயிருக்குமோ?

"இதைக் குடுத்திட்டு சின்னது வாங்கிரலாம். ஆனா, அம்மைக்கிட்ட நீயே சொல்லு" என்கிறார் கணவர். ஊராருக்காகவெல்லாம் கோர்ட்டில் வாதாடுகிறவர்!

ஆவணியில் நாத்தனாருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காரில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் சம்மதம் சொன்னார்கள். இப்போது அதை விற்றால் வீடு நொடித்துவிட்டது என்பார்கள். கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பெண் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? ஆவணி வரை பொறுக்கலாம் என்றால், அதற்கு முன்னால் ஆடி இருக்கிறதே... ஆடிக் காற்றில்தான் குழந்தைக்கு இழுப்பு மிஞ்சும். போன வருஷம் அந்த மாதம் முழுக்க அவளை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். படுக்கவைத்தால் மூச்சு முட்டும்.

இரண்டு பேரும் எங்கள் வீட்டுப் பெண்கள்தான். யாருக்காகப் பேசுவது, யாருக்காகச் சும்மா இருப்பது?

சகோதரிகளே, இழுப்புக்காரப் பிள்ளையை வளர்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தவர்களும் இருப்பீர்கள். அத்தையிடம் நான் இப்போதே சொல்லவா, வேண்டாமா? இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதினாலும் போதும்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். காற்று தொடங்கிவிட்டது.