நடுமனையில் நீட்டிய கோரை

அந்த ஞாயிற்றுக்கிழமை மனையில் நின்றவர்கள் அப்பா, நான், புரோக்கர். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் நிலத்துக்காரர், "பெங்களூர்ல கீறாரு" என்று புரோக்கர் மூன்றாவது முறையாகச் சொன்னார். இன்னொருத்தி அக்கா. அவள் சம்பளத்தில்தான் மனை வாங்குகிறோம். அவளுக்குச் சுங்குவார்சத்திரம் ஃபேக்டரியில் காலை ஷிப்ட்.

வல்லம் வடகால் ஊருக்குப் பின்னால் அந்த மனை. முந்தின வாரம் பார்த்தபோது வேலி ஓரத்தில் சின்னக் கோரை இருந்தது. இலையில்லாத நூல் தண்டு, உச்சியில் மிளகு போல உருண்டைக் கதிர். ஒரு மழைக்கு முளைத்து வெயிலில் காயும் வகை. "தண்ணி நிக்கிற எடமில்லப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தோம். எங்கள் வீட்டில் தாவரவியல் படித்தவன், ஏன், காலேஜ் வாசலையே மிதித்தவன் நான் ஒருவன்தான்.

இப்போது மனை முழுக்கப் புதுக் கிராவல் மண். பத்திரம் முடியும் முன்பே சொந்தச் செலவில் யார் மண்ணடித்துத் தருவார்கள்? நடுவில், கிராவல் மெலிந்த இடத்தில், பென்சில் பருமனில் சில தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. குந்தினேன்.

"இன்னா தம்பி, மாட்டுக்குப் புல்லு அறுக்கிறியா?" என்றார் புரோக்கர்.

இதன் கதிர் உருண்டையாக இல்லை. தண்டின் பருமனிலேயே நீண்டிருந்தது. ஒன்றைப் பிடுங்கிக் கட்டைவிரலால் நசுக்கிக்கொண்டே போனேன். டப், டப், டப். உள்ளே குறுக்குத் தடுப்புகள். மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் இடத்துக் கோரை.

"போன வாரம் இத அறுத்துட்டுத்தான காட்டுனீங்க?"

"நைனா, பையன் ஓவரா படிச்சிட்டான். கோரையப் பாத்து எவனாச்சும் மனை வாங்குவானா?"

அப்பா சிரிக்கவில்லை. தண்டை வாங்கித் தானும் நசுக்கினார். டப்.

"அன்னிக்கு நடுவுல ஏன்டா போவல?"

முள் கிடக்கிறது என்று அன்று புரோக்கர் கை காட்டித் தடுத்திருந்தார். நானும் ஓரத்திலேயே நின்றுவிட்டேன்.

"வாணாம்யா. அட்வான்ஸக் குடு."

"வாணாம்னா அட்வான்ஸ் திரும்பாது. நீதான கையெழுத்து போட்ட?"

அக்காவை அவள் டீ பிரேக்கில் போனில் பிடித்தேன். "நீ பாத்து சொன்னதாலதானடா குடுத்தேன்," என்றாள். பின்னால் லைன் ஓடும் சத்தம். "சரி, மீதியாவது தப்பிச்சுது. கெளம்பி வீட்டுக்கு வாங்க."

திரும்பி வராதது ஐம்பதாயிரம் ரூபாய்.