ராணியின் தலையைக் கட்டிய வார்

ஒரு பசுவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். ஜட்கா வண்டி ஸ்டாண்டிலிருந்து ஒருவர் வந்து, வண்டிக்கார ஓரிக்கை கரீம் பாய் காலையில் இறந்துவிட்டார் என்றார். பசு திமிறியது. ஊசியை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ரயிலடியிலிருந்து அவர் வண்டியில் பெரிய காஞ்சிபுரம் போனவர்களுக்கு அவருடைய குதிரை ராணி நினைவிருக்கும். உச்சி வெயிலில் திடீரென்று தலையை மேலும் கீழும் வெட்டி இழுக்கும். மூக்கை முன்னங்காலில் தேய்க்கும். திமிர் பிடித்த குதிரை என்று ஏறியவர்கள் இறங்கிப்போவார்கள்.

அறுபதுகளின் நடுவில் நான் இந்த ஊருக்குக் கால்நடை டாக்டராக மாற்றலாகி வந்த புதிதில், கரீம் பாய் ராணியை என்னிடம் ஓட்டிவந்தார். பல்லைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தெரியவில்லை என்று சொல்ல டாக்டர் பட்டம் விடவில்லை. கெட்ட பழக்கம்தான் என்று சொல்லி, ஒரு தோல் வாரால் கடிவாளத்தை நெஞ்சுப்பட்டையோடு நானே இழுத்துக் கட்டினேன். ராணியின் தலை ஆடவில்லை. எனக்கு ஏகப் பெருமை.

பத்தாம் நாள் கரீம் பாய் வாரைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"தல ஆடல டாக்டர் சார். ஆனா கண்ணுல தண்ணி ஊத்திக்கினே இருக்குது, ஒடம்பு பூரா நடுங்குது. கட்டிப்போட்டா வலி எங்க போவும்? உள்ளயேதான சுத்திக்கினு இருக்கும்?"

குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அதன் பிறகுதான் ஒழுங்காகக் கவனித்தேன். வெயிலோ காற்றோ முகத்தில் பட்டால் வரும் நரம்பு வலி அது. தீர்க்க என்னிடம் மருந்து இல்லை என்று இந்த முறை உண்மையைச் சொன்னேன். பட்டு நூல் சுற்றும் அவர் மனைவி, கழிவு நூலில் மூக்கை மூடும் வலை ஒன்று பின்னிக் கொடுத்தார். பாதி வலி அடங்கியது. மீதிக்காக அவர் பகல் சவாரியை விட்டார். விற்றுவிடச் சொன்னவர்களிடம், வாங்குகிறவன் சாட்டையைத்தான் எடுப்பான் என்றார். வைத்துக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல், ராணி சாகும்வரை ஒன்பது வருஷம் அவரும் குதிரையும் அந்த வலிக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சென்ற ஆண்டு எனக்கே முக நரம்பு வலி வந்தது. வீட்டில் எல்லோரும் தைரியமாக இருக்கச் சொன்னார்கள். பார்க்க வந்த கரீம் பாய் ஃபேனை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார், எதிரில் உட்கார்ந்தார். அந்த வாருக்காக மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வலி விடவில்லை.

"பேசாதீங்க சார். அப்புறமா பேசிக்கலாம்" என்றார்.

அந்த அப்புறம் வரவேயில்லை. வார் மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.