கரவானுக்கு வேர்த்த மாரி

நான் முரசுமோட்டைக்கு வந்த முதற்கிழமை, குளித்துத் துடைத்துக் காயப்போட்ட என்னுடைய துவாயை ஒரு மாடு தின்றுவிட்டது. முழுவதையும் அல்ல, அரைவாசியை. மீதியைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டின் சொந்தக்காரரைத் தேடிப் போனேன். எங்கள் வடமராட்சியில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்பது ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். முதலில், மாடு வளவுக்குள் வரவே முடியாது. ஆளுயரக் கிடுகு வேலி நிற்கிறது. தப்பித் தவறி வந்தாலும் விஷயம் ஊரதிகாரி விதானையார் வரை போகும், அதன்பிறகு இரண்டு வீட்டாரும் மூன்று வருடம் முகம் பார்க்கமாட்டார்கள். இங்கே மாட்டின் சொந்தக்காரி தேத்தண்ணிக்கடை மங்கை அக்கா. முப்பது வயதிருக்கும். நான் விரித்துக் காட்டிய துவாயை அவர் ஒரு பத்திரம் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாடு வாற வழியிலை ஏன் தம்பி காயப்போட்டனி?”

“அது வழியில்லை அக்கா. நான் இருக்கிற இடம்.”

“நீ போன கிழமை வந்தனி. அது அஞ்சு வரியமா அதாலைதான் போகுது.”

சொல்லிவிட்டு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அது மன்னிப்பா, தண்டனையா என்று எனக்கு விளங்கவில்லை. சீனி போட்டிருந்தபடியால் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டவர்கள். அதன்பிறகு அண்ணருடைய சுருட்டுக் கொட்டிலில் சுருட்டுச் சுற்றினேன். சுற்றியதைவிடக் கதைத்தது கூட என்று அண்ணர் சொல்லுவார். கதை பிழையில்லை. ஒருநாள் ஆனையிறவு தாண்டி வன்னிக்குப் போகப்போகிறேன் என்றபோது அவர் தலையை நிமிர்த்தவேயில்லை. “மாரி முடிய முந்தி இஞ்சைதான் வந்து நிப்பாய். உன்ரை கதிரையை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்” என்றார். அன்பாகச் சொன்னாரா, சாபம் போட்டாரா என்று இன்றுவரை தெரியாது. முரசுமோட்டையில் வாய்க்கால் வேலைக் கந்தோர் வளவைக் காவல் காக்கும் வேலை கிடைத்தது. தற்காலிகம். எந்த வெள்ளிக்கிழமையும் நிற்பாட்டலாம். நிற்பாட்டினால் எனக்கு அந்தக் கதிரைதான்.

அந்தக் கந்தோர் எஞ்சினியர் ஐயாவிடம் ஒரு கரவான் இருந்தது. காணாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது சக்கரம் பூட்டிய வீடு. ஜீப்புக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகலாம். உள்ளே கட்டில், மேசை, குசினி, ஒரு அலுமாரி. எல்லாம் மெல்லிய பலகை. ஐயாவும் அம்மாவும் வாய்க்கால் வெட்டுகிற இடங்களிலெல்லாம் அதைக் கொண்டுபோய் நிறுத்திக் குடும்பம் நடத்தினவர்கள். வீடு என்றால் அத்திவாரம் போட்டு, வேலி அடைத்து, படலைக்குப் பூட்டுப் போட்டு நிற்பது என்று படித்த எனக்கு, ஓடுகிற வீட்டைக் கண்டால் சிரிப்பு வரும். “காலமை எழும்பிக் கதவைத் திறந்தா எந்த ஊர் எண்டு ஆரைக் கேக்கிறது?” என்று அம்மாவிடமே ஒருநாள் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “நானும் அதைத்தான் தம்பி கேக்கிறனான்” என்றார்.

புரட்டாதியில் ஐயா படிப்புக்காக இங்கிலாந்து போக வேண்டி வந்தது. கரவானைக் கந்தோருக்குப் பின்னால் பாலை மரத்தடியில் நிறுத்தினார்.

“தம்பி, இதுக்கு ஒரு நல்ல உறை பாத்துப் போடும். கனகாலம் நிக்கிற உறை. கிளிநொச்சியிலை காசிம் கடையிலை சொல்லி வைச்சிருக்கிறன், நீர் கேக்கிறதைத் தருவினம். மாசியிலை நான் வரேக்கை இது இப்பிடியே இருக்கவேணும். இருந்தா, உம்மை நிரந்தரமாக்கிறது என்ரை பொறுப்பு.”

“இராட்டி ஐயா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் கேட்டிருக்கத் தேவையில்லை.

காசிம் நானாவின் கடையில் அரைநாள் நின்றேன். முல்லைத்தீவிலிருந்து வந்து கடை போட்டவர். பொறுமை அதிகம். முதலில் ஒரு பாய்த்துணியை எடுத்துப் போட்டார், தோணிக்குக் கட்டுகிற சாதி, பருத்தி. நான் அதில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார். மறுபக்கம் ஈரம் கசிந்தது.

“முதல் ரெண்டு மழைக்கு இப்பிடித்தான் தம்பி. பொறகு நூல் ஊதி அடைச்சிக்கும். காத்து மட்டும் போய் வரும்.”

“மழைக்கு நனையிற உறையை மழைக்குப் போடுறதோ நானா? குடையிலை ஓட்டை இருந்தாக் காத்து வரும் எண்டு விப்பியள் போலை!”

அவர் சிரித்துக்கொண்டே சாக்கில் தைத்த ஒன்றைக் காட்டினார். அது கறையானுக்குக் கலியாணச் சாப்பாடு என்றேன். கடைசியில் உள்ளே போய் இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார் ஒரு பச்சைப் படங்கை. மெழுகு பூசித் தடித்தது. லொறிக்காரர் சாமானுக்கு மேல் போடுவது. தண்ணீரை ஊற்றினால் முத்து முத்தாக ஓடியது.

“இதுக்குள்ள தண்ணி போகாது. உள்ள இருக்கிற காத்தும் வெளிய வராது.”

இந்த இரண்டாவது வசனத்தை அவர் எச்சரிக்கையாகச் சொன்னாரோ, விளம்பரமாகச் சொன்னாரோ! எனக்கு விளம்பரமாகத்தான் கேட்டது. படங்கு என்னுடையதாயிற்று.

என்னைப்போல் ஆனையிறவு தாண்டி வந்தவர்களே, இனிச் சொல்வதை நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள். ஒரு பொருளைப் பத்திரப்படுத்துவது என்றால் எங்களுக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும்: இறுக்கிக் கட்டுவது. படங்கைக் கூரையில் எறிந்து நான்கு பக்கமும் நிலம் வரை இழுத்தேன். அடியாலும் சுற்றினேன். மூலைகளை உள்ளே மடித்துக் குத்தி, கயிற்றை ஒரு முழத்துக்கு ஒரு வரி வீதம் போட்டு, காலால் உதைத்து உதைத்து இறுக்கினேன். முடிந்தபோது கரவான் சக்கரம் வைத்த ஒரு பெரிய பொதியாக நின்றது. எறும்பு போக இடமில்லை. கடைக்குப் போய் ஒரு தேத்தண்ணி கேட்டேன். அன்றைக்கு நான் ஒரு எஞ்சினியர்.

ஐப்பசி மழை அடித்து ஊற்றியது. யாழ்ப்பாணத்து மழை வந்தால் மண் குடித்துவிடும். மறுநாள் முற்றத்தில் அடையாளம் இராது. வன்னி மழை போவதில்லை. நிலத்தில் நிற்கும், மரத்தில் நிற்கும், போர்வையில் நிற்கும். ஆனாலும் நான் ஒவ்வொரு காலையும் பொதியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினேன். கார்த்திகையில் மூன்று நாள் நல்ல வெயில். நான்காம் நாள் படங்கின் ஒரு மடிப்புக்குள்ளிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எனக்குத் தலை சுற்றியது. வெளியே மழையில்லை, உள்ளே எங்கிருந்து மழை? ஓட்டை இருக்கவேண்டும் என்று தேடினேன். இல்லை. இல்லாத ஓட்டைக்குத் தார் பூசினேன். தெருவால் போகிறவர்கள் விளையாட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களோ என்று ஒரு பகல் முழுவதும் பற்றைக்குள் ஒளிந்திருந்து பார்த்தேன். என்னைக் கடித்த நுளம்புகளைத் தவிர ஒருவரும் வரவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். கயிற்றை இன்னும் இறுக்கினேன். மறுநாள் சொட்டு இரண்டு மடங்கானது.

மங்கை அக்கா தேத்தண்ணியோடு வந்தார். இங்கே ஒருவரும் படலையில் நின்று கூப்பிடுவதில்லை, படலையே இல்லை. நடந்து வந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள்.

“என்ன தம்பி, இவருக்கு வேர்க்குதோ?”

“ஆருக்கு?”

“உன்ரை கரவானுக்கு. பாவம், மூச்சு முட்டுது போலை. யாழ்ப்பாணத்தாற்றை கையிலை அம்பிட்டா எல்லாத்துக்கும் உதுதான் கதி. வேலி, பெட்டி, பொம்பிளைப் பிள்ளையள் எல்லாம் மூடிக் கட்டி வைச்சாத்தான் உங்களுக்கு நித்திரை வரும்.”

பதிலுக்கு நக்கல் ஒன்று நாக்குவரை வந்தது. அது அப்படியே நின்றுவிட்டது. வேர்க்குது என்ற சொல் எங்கேயோ போய்த் தட்டியது. புகையிலையை உலர்த்தி எடுத்தபின் ஐயா, அதாவது என்னுடைய தகப்பனார், அடுக்கடுக்காக வைத்து ஓலைப் பாயால் சுற்றி, காலால் உதைத்து உதைத்து இறுக்குவார். ஒரு முழத்துக்கு ஒரு வரி. நானும் பக்கத்தில் நின்று உதைத்திருக்கிறேன். பாடம் போடுவது என்று அதற்குப் பெயர். கொஞ்ச நாளில் பொதி சூடாகும், உள்ளே வேர்க்கும், இலை பதமாகிக் கறுத்து மணம் எடுக்கும். வேர்க்கவேண்டும் என்றுதான் அப்படிக் கட்டுவது! நான் எஞ்சினியர் ஐயாவின் வீட்டைப் பாடம் போட்டிருக்கிறேன்.

கயிற்றை ஒவ்வொரு வரியாக அறுத்தேன். கதவைத் திறந்தபோது வந்த மணத்தை எழுத எனக்குப் படிப்புக் காணாது. மெத்தைகளில் பச்சைப் பூஞ்சணம் பூத்திருந்தது. அலுமாரியின் பலகைக் கதவு ஊதி, நெளிந்து, பாதியில் நின்றது. அம்மா தொங்கவிட்டிருந்த யன்னல் சீலையில் கறுப்புப் புள்ளிகள். நான் படியில் குந்திவிட்டேன். அண்ணருடைய கொட்டிலில் என் கதிரை இருக்கிற மூலை கண்ணுக்கு முன்னால் வந்தது.

“இருந்து அழுறதெண்டா அங்காலை தள்ளியிரு. மெத்தையை எடுக்கவேணும்” என்றார் அக்கா.

யார் சொன்னார்களோ தெரியாது, அரைமணித்தியாலத்தில் ஆட்கள் வந்தார்கள். ஒருவரையும் நான் கேட்கவில்லை. ஊரில் என்றால் உதவிக்கு ஆள் கூப்பிட முதல், விஷயம் வெளியில் தெரியாமல் மறைப்பதற்கு வழி பார்த்திருப்போம். இங்கே மெத்தைகள் வைக்கோலில் வெயில் காய்ந்தன. எஞ்சினியர் ஐயா வீட்டு அந்தரங்கமெல்லாம் நடுவெளியில் கிடந்தது. மங்கை அக்காவின் தம்பிமார் காட்டிலிருந்து நுனி கவர்விட்ட ஆறு கப்புத் தடிகளைக் கொண்டுவந்து கரவானைச் சுற்றி நட்டார்கள். மேலே குறுக்குமரமாக வளை போட்டு, கரவானின் கூரைக்கும் படங்குக்கும் இடையில் ஒரு ஆள் தவழக்கூடிய இடம் விட்டு, அதே படங்கை இழுத்துக் கட்டினோம். பக்கங்கள் கயிற்றில். மழைக்கு இறக்கலாம், வெயிலுக்குச் சுருட்டி ஏற்றலாம். நான் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏற்றி இறக்கினேன். சொட்டு நின்றது. அலுமாரிக் கதவு மட்டும் நிமிரவில்லை.

மாசியில் ஐயா தனியாக வந்தார். வருவதற்கு முதல் கிழமை முழுவதும் பொய் ஒன்று தயார்பண்ணினேன்: பெருவெள்ளம், முறிந்த கிளை, நல்ல பொய். அவர் உள்ளே போய் அலுமாரிக் கதவைத் தள்ளிப் பார்த்தார். ஒருமுறை மணந்தார்.

“இது என்ன தம்பி?”

“ஐயா, நான் இதைப் புகையிலை எண்டு நினைச்சுக் கட்டிப்போட்டன்.”

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. பிறகு நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் வெளியே வந்து படங்கை நிமிர்ந்து பார்த்தார். சுற்றி நடந்தார். குந்தியிருந்து கரவானின் அடியைத் தடவிக் கையைப் பார்த்தார். கை காய்ந்திருந்தது.

“உதுகளை ஆர் நட்டது?”

“ஊர்ச்சனம் ஐயா. நான் கேக்கேல்லை.”

“உமக்கு வந்து நட்டவையோ?” ஒரு தடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “அலுமாரிக்கு நான் வீட்டிலை பேச்சு வாங்குவன். நீர் நாளைக்குக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வையும்.”

கரவானை ஜீப்பில் கொளுவி, அம்மா இருக்கிற கொழும்புக்குக் கொண்டுபோனார். படங்கையும் தடிகளையும் எனக்கே விட்டுவிட்டார். இப்போது அதற்குக் கீழேதான் நான் இருக்கிறேன். நிலத்தை மண் போட்டு மெழுகி, ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் போட்டிருக்கிறேன். வேலை நிரந்தரம் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். பதில் கடிதம் வரவில்லை. அண்ணரே வந்துவிட்டார், சித்திரையில், ஒரு கையில் காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் பையோடு. சுற்றிப் பார்த்தார். முகம் கறுத்தது.

“இதென்னடா இருப்பு? ரோட்டிலை போறவன் எல்லாம் உன்ரை சோத்துக் கோப்பையைப் பாத்துக்கொண்டு போறான். இறக்கடா படங்கை.”

இறக்கினேன். உள்ளே இருட்டி, எங்கள் ஊர் வீடு மாதிரி வந்தது. அண்ணருக்கு மூச்சு வந்தது. எனக்கும் கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, வெளியே மங்கை அக்காவின் குரல்.

“தம்பி! பட்டப்பகலிலை மூடிக்கிடக்குது, உள்ளுக்கை ஆருக்கும் சுகமில்லையோ? ஏத்தடா, பாப்பம்.”

“ஏத்தாதை” என்றார் அண்ணர்.

நான் கயிற்றைப் பிடித்தேன். கொஞ்சம் இழுத்தேன். படங்கு இடுப்பளவுக்கு எழும்பி நின்றது. அதற்குமேல் இழுக்கவும் கை வரவில்லை, விடவும் வரவில்லை. உள்ளே இருந்த அண்ணருக்கு வெளியே நின்ற இரண்டு சேற்றுக் கால்கள் மட்டும் தெரிந்தன. வெளியே நின்ற அக்காவுக்கு உள்ளே செருப்புப் போட்ட இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

“ஆரடா அது?” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைக் கேட்டார்கள்.

படங்கு பாரம். கயிறு உள்ளங்கையை அறுத்தது. யாரை யாருக்கு முதலில் சொல்லுவது என்று தெரியாமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.