பேசாதவருக்குப் பொம்மை

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. மெட்ராஸிலிருந்து திருவண்ணாமலைக்கு, என் அம்மா வீட்டுக்கு வாடகை அம்பாசிடரில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் டிரைவரும் என் கணவரும். பின்னால் நானும், ஆறு வயது மகளும், நாலு வயது மகனும். திண்டிவனம் தாண்டுவதற்குள் பாட்டு, கதை, மாடு எண்ணும் விளையாட்டு எல்லாம் தீர்ந்துபோய் இருவரும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

"ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் யார் பேசாம இருக்கீங்களோ, அவங்களுக்குப் பொம்மை" என்றேன். உடனே அமைதி. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது தூரத்தில் மலை தெரிந்தது. மகள் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகன் இல்லை.

"தம்பி எங்கடி?"

அவள் பின்பக்கம் கை காட்டினாள்.

கீழ்பென்னாத்தூரில் டீ குடிக்க வண்டி நின்றிருக்கிறது. அவன் ஒன்றுக்குப் போகச் சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறான். நாங்கள் தூங்குவதாக நினைத்து, முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள். வண்டியைத் திருப்பினோம். டீக்கடைப் பக்கத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்தான்.

"பேரு கேட்டேன், ஊரு கேட்டேன், வாயே தொறக்கலம்மா. ஊமைப் புள்ளனு நெனச்சிட்டேன்" என்றாள்.

"பேசுடா கண்ணா" என்று அழுதேன்.

"நான்தானே ஜெயிச்சேன்?" என்றான் காதோடு.

வழி முழுக்க என் கணவர் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். டிரைவர் தலையைக் குனிந்தபடி ஓட்டினார். குழந்தைகள் வாயைக் கட்டியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த டிரைவரின் குனிந்த தலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.